ரப்பர் பாலில் விழுந்த கேம்

பழைய கையடக்க கேம் ஒன்று உங்கள் மேஜைக்கு வந்தால் உடனே ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு, அதைக் கொண்டுவந்த ஆளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இதைப் படிக்கும்போதே உங்களில் பாதிப் பேருக்குக் கை பரபரக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான். சும்மா இரு என்று யாராவது சொன்னால் உடம்பெல்லாம் அரிக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்காக: என் பெயர் வசந்தகுமாரி. நெய்யாற்றின்கரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். ரேடியோ, டேப் ரெக்கார்டர், கால்குலேட்டர், கேம் என்று உள்ளே போர்டு இருக்கிற எதையும் நான் விட்டுவைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அமரவிளையில் ரோட்டை ஒட்டிய என் வீட்டின் முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டேன். "அம்மா, இனியாவது செத்த நேரம் அடங்கி இரி," என்றாள் மகள். அடங்கி இருக்கத் தெரிந்திருந்தால் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன்.

இப்போது பாறசாலையிலும் சுற்றுப்பட்டிலும் மொபைல் கடை வைத்திருக்கும் உங்களிடம் பழைய கேம்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. யாரோ எப்போதோ கல்ஃபிலிருந்து கொண்டுவந்து பீரோவில் போட்டது. பிள்ளைகள் கண்டெடுக்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறார்கள். "சேச்சி, உடையாமல் எப்படித் திறப்பது?" என்று என்னைக் கேட்கிறீர்கள். பேட்டரி செல்லை முதலில் எடு. வெள்ளைத் துணியை விரி. லேபிளுக்கு அடியில் ஒரு ஸ்குரூ ஒளிந்திருக்கும், விரலால் தடவிப் பார். முனை பொருந்தாமல் திருகாதே. மூடி வராவிட்டால் எங்கோ ஒரு பிடி பாக்கி இருக்கிறது என்று அர்த்தம், இழுக்காதே. இவ்வளவுதான். இதை எந்த வீடியோவும் காட்டும். வீடியோ காட்டாத ஒன்றைச் சொல்லத்தான் பிரின்ஸ் என்பவரின் கதையை எழுதுகிறேன்.

அதற்கு முன் இன்னொருத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வீஸ் சென்டரில் எனக்குப் பக்கத்து மேஜையில் ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம், எங்களுக்குள் ஒத்துப்போகாது. என் ஃபேனை அவள் பக்கம் திருப்பிக்கொள்வாள், நான் மறுபடி என் பக்கம் திருப்புவேன். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எதைக் கொண்டுவந்தாலும், "இதுக்கு என்ன கேடு?" என்று கேட்கமாட்டாள். "நல்லா இருக்கப்போ இது எப்பிடி இருந்து?" என்று கேட்பாள். வந்தவர்கள் விழிப்பார்கள். நல்லா இருக்கும்போது ரேடியோ ரேடியோ மாதிரித்தானே இருக்கும்! நான் தலையைக் குனிந்து சிரிப்பேன். அவள் ஒன்றை முடிப்பதற்குள் நான் இரண்டு முடிப்பேன், அதில் எனக்குப் பெருமை வேறு.

இனி பிரின்ஸ். ஒரு மழைக்காலக் காலையில், தனுவச்சபுரத்தில் கடை வைத்திருக்கும் நம் அனு எனக்கு ஃபோன் செய்தாள்.

"சேச்சி, ஒரு கேம் அனுப்பியிருக்கேன். கேம் மட்டுமில்ல, ஆளும் கூடவே வருது. கையில இருந்து விடமாட்டேங்காரு. நான் வாங்கப் போனதுக்கு எனக்கக் கவுண்டரே மறிஞ்சு போச்சு. கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

அவள் ஃபோனை வைத்து முடிக்கும் முன்பே வாசலில் ஆட்டோ நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். கிரேஸி என்று ஒரு பெண், அவள் கணவர் ஸ்டான்லி, அவளுடைய அண்ணன் பிரின்ஸ். அம்பூரிக்காரர்கள். மலைச்சரிவில் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, தாங்களே பால் எடுத்துத் தாங்களே ஷீட் அடிக்கிறார்கள்.

பிரின்சுக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல ஆகிருதி. பிறந்ததிலிருந்தே அவர் மனம் தனக்கென்று ஒரு வழியில் போகிறது. பேச்சு குறைவு. தினமும் எல்லாம் ஒரே மாதிரி நடந்தால் நிம்மதியாக இருப்பார், ஒன்று மாறினால் உடைந்துபோவார். ஆணோ பெண்ணோ, அவருக்கு எல்லோரும் சார். என் முன்னறைக்குள் வந்தவர் உட்காரவில்லை. சுவரிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து சுவர் என்று நடந்தார். வலது கை நெஞ்சோடு சேர்த்து எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

"சார், செல்லு," என்றார் என்னிடம். "புது செல்லு."

இடது கைச் சட்டைப்பையில் நிறைய பட்டன் செல்கள் குலுங்கின. எல்லாம் புதியவை. கடை கடையாக வாங்கி மாற்றிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் பலிக்கவில்லை.

கிரேஸிதான் விவரம் சொன்னாள். பிரின்ஸ் சிறுவனாக இருந்தபோது அப்பா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த கேம். திரையில் ஒரு மரம், நாலு வரிசையில் பழங்கள் விழும், கீழே ஒரு குட்டி மனிதன் கூடையோடு இடமும் வலமும் ஓடிப் பிடிக்கவேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அன்றிலிருந்து இன்றுவரை அது அவர் சட்டைப்பையில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் ஆடுவார், தூக்கத்துக்கு முன் ஆடுவார், சர்ச்சுக்குப் போகும்போது மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்.

"முந்தாநாளு ஷீட்டு உறைய வைக்கப்போ கூட நின்னான் அக்கா. குனிஞ்சான், பையில இருந்து வழுக்கி டிஷ்ஷுக்குள்ள போயிட்டு," என்றாள் கிரேஸி.

உங்களில் ரப்பர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் பாலை டிஷ் என்கிற தட்டில் ஊற்றி, ஆசிட் கலந்து வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அது கட்டியாக உறையும். பிரின்ஸ் வாய் திறந்து சொல்வதற்குள், மற்றவர்களுக்குப் புரிவதற்குள், கேம் உள்ளே இருக்கும்போதே பால் உறைந்துவிட்டது. ஸ்டான்லி கத்தியால் கட்டியை அறுத்து எடுத்திருக்கிறார்.

"பைப்புத் தண்ணியில நல்லா களுவினேன்," என்றார் ஸ்டான்லி. "பொறவு காயட்டுன்னு புகைப்புரையில தூக்கிப் போட்டேன். ஷீட்டெல்லாம் அங்கதானே காயுது? இதும் காயுமுன்னு நெனச்சேன்."

ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகைதான் புகைப்புரை. கேமைக் கழுவிப் புகையில் தொங்கவிட்ட மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். வேறு நேரமாக இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு நாளா ஒண்ணும் தின்னல்ல, ஒறங்கல்ல," என்றாள் கிரேஸி. "ஷீட்டு அடிக்க மிஷினைச் சுத்திச் சுத்தி நடக்கான். நேத்து நாங்க காணாம ரோட்டுக்குப் போயிட்டான். பஸ்ஸுகாரன் பிரேக்கு சவிட்டி நிறுத்தினதுனால ஆளு உயிரோட கிட்டினான். செல்லு வாங்கப் போனானாம்."

ஸ்டான்லி குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இப்படியே போனா எங்களால பாக்க முடியாது சேச்சி. இவனைப் போல ஆளுகளைப் பாத்துக்கிடுக ஒரு ஹோமில பேசி வச்சிருக்கேன். நாளைக்கு வண்டி கொண்டு வருவினும். எனக்கு மட்டும் ஆசையா? வண்டியில அடிபட்டு ரோட்டில கெடந்தா ஆரு பதில் சொல்லுவினும்?"

கிரேஸி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிரின்ஸ் நடந்துகொண்டே இருந்தார். அப்போதுதான் என் மேஜைக்கு வந்திருப்பது கேம் அல்ல என்று எனக்கு உறைத்தது. ஒரு மனிதர் நாளை எந்த வீட்டில் தூங்குவார் என்பது என் மேஜைக்கு வந்திருந்தது.

நெருக்கடி அதோடு நிற்கவில்லை. வெளியே கழுவினால் ஆசிட் உள்ளே போகாமல் இருக்குமா? அது போர்டுக்குள் இறங்கிச் செம்பைத் தின்றுகொண்டிருக்கும். புதிய செல்களை வேறு போட்டுப் போட்டு அதற்குத் துணை செய்திருக்கிறார்கள். நான் இருக்கையில் இருக்க முடியாமல் எழுந்து, பிரின்சோடு சேர்ந்து நானும் நடக்க ஆரம்பித்தேன். அவர் ஜன்னலுக்குப் போனால் நான் சுவருக்கு. அவ்வளவு பெரிய அவசரம் என் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது, அதைத் தொட வழியில்லை.

ஸ்டான்லி என்னை வாசலுக்கு அழைத்தார். "சேச்சி, இதே போல ஒண்ணு ஆன்லைனில கிட்டும். நான் பாத்தேன். அவனுக்கு ஒரு ஒறக்க குளிகை கொடுத்து, இதை எடுத்து அதை வச்சிரலாம். அதுவரைக்கும் ஹோமில நிக்கட்டு."

கேட்பதற்கு நல்ல யோசனைதான். உங்களில் பலர் ஒத்துக்கொண்டிருப்பீர்கள். என்னால் முடியவில்லை. நம்மை நம்பித்தான் ஜனங்கள் பொருளை மேஜையில் வைக்கிறார்கள். வைக்காதவரிடமிருந்து தூங்கவைத்து எடுப்பது என் கைக்கு வராது. தவிர, அத்தனை வருஷம் கையில் வைத்திருந்தவருக்குத் தன் பொருள் தெரியாதா? அதன் ஒரு மூலையில் பல் பட்ட தடம் இருந்தது. அந்தப் பல் ஆன்லைனில் கிடைக்குமா?

உள்ளே வந்தபோது பிரின்ஸ் நின்றிருந்தார். கேமைத் திருப்பி, நகத்தால் செல் மூடியைத் தள்ளித் திறந்து, பழைய செல்லை எடுத்து மேஜையில் வைத்துப் புதியதைப் போட்டார். எவ்வளவு சுத்தமாகச் செய்தார் தெரியுமா! மூடி சிக்கியது, விளிம்பில் ரப்பர் பால் காய்ந்து தோலாக ஒட்டியிருந்தது. அவர் அவசரப்படவில்லை. தோலை உரித்து, மூடியைப் பதமாக நகர்த்தினார். மற்ற எல்லாவற்றிலும் பரபரத்த அந்தக் கை அதில் மட்டும் நிதானமாக இருந்தது.

இவர் திறக்கக் கூடாது என்று சொல்லவில்லையே, வேறு ஆள் திறக்கக் கூடாது என்றுதானே சொல்கிறார்!

நான் ஒரு பழைய கால்குலேட்டரை எடுத்து அவர் முன் வைத்தேன். சின்ன ஸ்குரூ டிரைவரால் அதன் பின்மூடியைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே பச்சை போர்டு. "பிரின்ஸ், செல்லுக்கு அடியில இன்னொரு வீடு உண்டு. அங்க ரப்பர் பால் போயிருக்கு. களுவணும்," என்றேன். பிறகு டிரைவரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஸ்டான்லி ஏதோ சொல்ல வந்தார். கையைக் காட்டி அடக்கினேன்.

பிரின்ஸ் என்னைப் பார்க்கவில்லை. கால்குலேட்டரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். மறுபடி ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். எனக்குப் பொறுமை அறுந்து தொங்கியது. மனதுக்குள், ஆண்டவா, இந்த மனுஷன் சீக்கிரம் உட்காரட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"சார், நான்," என்றார்.

"நீங்க தான்," என்றேன்.

ஒவ்வொரு ஸ்குரூவையும் அவரே கழற்றினார். ஸ்குரூக் குழியில் இருந்த ரப்பரை மட்டும் நான் ஊசியால் எடுத்துக் கொடுத்தேன். கழற்றிய ஸ்குரூவை எனக்குத் தரவில்லை, இடது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அது எனக்குச் சம்மதமே. உங்கள் காந்தத் தட்டைவிட அது பத்திரம். மூடியும் அவர் கையாலேயே வந்தது. உள்ளே பார்த்ததும் வாய் பிளந்து, "ஆ," என்றார். அவர் கையிலேயே இருந்த பொருளின் உட்புறத்தை அன்றுதான் அவர் முதல்முறை பார்க்கிறார்.

உள்ளே கோலம் கெட்டுத்தான் இருந்தது. செம்பெல்லாம் பச்சை பூத்து, ஓரத்தில் ரப்பர் நூல் நூலாக. புகைப்புரையில் மேல் வரிசையில் தொங்கவிட்டதால் திரை பிழைத்தது. அடுப்புக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் கறுத்திருக்கும். அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க, போர்டை நான் கழுவினேன். அப்பச்சோடா கரைத்த தண்ணீர், பிறகு பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர், பிறகு ஸ்பிரிட், தூரத்தில் பிடித்த குளிர்ந்த காற்று. திரைக்கும் போர்டுக்கும் நடுவே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ரப்பர் பட்டை இருக்கிறதே, நீங்கள் ஸீப்ரா என்பது, அதையும் துடைத்தேன். அது அமரும் இடத்தில் வரிசையாக இருந்த செம்புப் பற்களை ஒவ்வொன்றாக அழிரப்பரால் தேய்த்தேன். வலது ஓரத்தில் ஒரு பல்லில் மட்டும் அழுக்கு வேறு நிறமாக, கறுத்துக் கெட்டியாக இருந்தது. இது புதிய ஆசிட் அல்ல, பழைய செல் எப்போதோ கசிந்தது என்று கண்டுகொண்டேன். கண்டுகொண்டும் நிற்கவில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அழுக்கைக் கண்டால் என் கை கேட்காது.

பிரின்ஸே மூடினார், அவரே செல் போட்டார். டிக் என்று ஒரு சத்தம். திரையில் மரம் வந்தது, குட்டி மனிதன் வந்தான். கிரேஸி, "கர்த்தாவே," என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டான்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் எல்லா வரிசையையும் எட்டிப் பார்த்தேன். நாலும் பளிச்சென்று இருந்தன. இன்னும் என் கைக்கு வயதாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிரின்ஸ் ஆட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம்தான். கை நின்றுவிட்டது. திரையின் வலது ஓரத்தையே முறைத்தார். பழங்கள் தரையில் விழுந்தன, ஆட்டம் முடிந்ததற்கான சத்தம் வந்தது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றார். கேமைத் திருப்பிப் பல்தடத்தைத் தடவிப் பார்த்தார். மீண்டும் திரையைப் பார்த்தார். பிறகு அதை மேஜையில், என் பக்கம் தள்ளி வைத்தார். இரண்டு நாளாக யாருக்கும் கொடுக்காத அதை, தானாகவே.

"இது இல்ல சார்," என்றார். "எனக்க கேமு தாங்க."

"எலே, இதுதானே ஒனக்க கேமு! நீதானே தொறந்தே, நீதானே மூடினே!" என்று ஸ்டான்லி கத்தினார். "முன்னைக்காட்டியும் நல்லாக்கும் இருக்கு. இதுக்கு மேல என்ன செய்ய?"

அந்தச் சத்தத்தில் பிரின்ஸ் எழுந்தார். நாற்காலி சாய்ந்தது. நாங்கள் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் வாசலைத் தாண்டி மழையில் இறங்கிவிட்டார். என் வீட்டு வாசலுக்கும் ஹைவேக்கும் நடுவே ஒரு ஓடைதான் இருக்கிறது. ஓடைப் பலகையில் கால் வைத்துவிட்டார். ஒரு டாரஸ் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. ஸ்டான்லி பாய்ந்து பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துச் சேற்றில் உருண்டார். லாரி நீரை வாரி அடித்துவிட்டுப் போனது.

ஸ்டான்லி எழவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடியே மச்சானின் தலையைத் தன் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதார். "மக்கா, போவாதடே, போவாதடே," என்றார். ஹோமில் இடம் பேசி வைத்த மனிதர்தான்.

உள்ளே கொண்டுவந்து துண்டு கொடுத்தோம். எங்கே தப்பு? எல்லாம் வேலை செய்கிறது, எல்லாம் தெரிகிறது, பிறகு ஏன் தன்னுடையது இல்லை என்கிறார்? அப்போதுதான் அந்தப் பக்கத்து மேஜைக்காரி நினைவுக்கு வந்தாள். நான் கேடு என்ன என்று மட்டும்தான் கேட்டிருந்தேன்.

"கிரேஸி, நல்லா இருக்கப்போ இந்த கேமு எப்படி இருந்து?" என்றேன்.

"எனக்குத் தெரியாதே அக்கா. நான் ஆடினதே இல்ல."

"எனக்குத் தெரியும்," என்றார் ஸ்டான்லி. தலையைத் துவட்டியபடி தரையில் இருந்தார். "கல்யாணம் களிஞ்சு வந்த புதுசில இவன் எங்கிட்ட பேசமாட்டான். அப்போ இந்த கேமை வாங்கி ஆடுவேன். அந்த வலத்தெ அற்றத்தில, கடைசி வரிசையில, பழமே காணாது சேச்சி. ஒரு வரிசை முழுக்க வெறும் கண்ணாடி. காணாத பழத்தை எப்பிடிப் பிடிக்க? நான் எப்பவும் அங்கதான் தோப்பேன். இவன் மட்டும் எப்பிடியோ பிடிப்பான். நான் தோக்கதைப் பாத்து சிரிச்சான். அப்படியாக்கும் எங்கிட்ட பேசத் தொடங்கினது."

நான் கேமை எடுத்து ஆட்டத்தை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். ஒவ்வொரு வரிசைக்கும் சத்தம் வேறு. நாலாவது வரிசையின் டிக் மற்றதைவிடக் கொஞ்சம் மெலிவு. பிரின்ஸ் அந்த வரிசையைக் கண்ணால் பார்த்ததே இல்லை, காதால் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷமும் வெறுமையாக இருந்த இடத்தில் நான் பழங்களைக் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறேன். அவர் வீட்டுக்குள் யாரோ புது ஆட்கள் புகுந்த மாதிரி ஆகியிருக்கும்.

மறுபடி கெடுக்க வேண்டும். சொல்ல எளிதாக இருக்கிறது. என் கையால் நான் எதையும் கெடுத்து அனுப்பியதில்லை. நல்ல நிலையில் இருக்கிற ஒன்றில் வேண்டுமென்றே ஒரு கேட்டை வைப்பதா? ஒரு முழு நிமிஷம் எனக்கு வீம்பாகவே இருந்தது. பழகிக்கொள்வார், நாலு நாள் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் நாலு நாள் யாரிடம் இருக்கிறது? நாளைக்கு வண்டி வந்து நிற்கும். யாருடைய கேம் இது, அவருடையதா, என் பெருமையுடையதா?

"பிரின்ஸ்," என்றேன். "நான் ஒரு இடத்தில தப்பாக் களுவிட்டேன். இன்னொரு தடவ தொறந்து தரணும்."

அவர் வந்து உட்கார்ந்தார். மறுபடி ஸ்குரூக்கள் அவர் உள்ளங்கைக்குள் போயின. கறுத்திருந்த அந்தப் பல் எது என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. மெல்லிய டேப்பில் முடியளவு ஒரு கீற்று வெட்டி, இடுக்கியால் அந்தப் பல்லின் மேல் மட்டும் ஒட்டினேன். பக்கத்துப் பல்லைத் தொட்டால் அடுத்த வரிசையும் போய்விடும். அவ்வளவு கவனமாக நான் எதையும் பழுது பார்த்ததில்லை. ரப்பர் பட்டையை அதன் மேல் அமர்த்தினேன். மூடி, ஸ்குரூ, செல் எல்லாம் அவர் கை.

டிக்.

மரம் வந்தது. வலது ஓரம் வெறும் கண்ணாடி. பிரின்சின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். குட்டி மனிதன் இடது, நடு, நடு என்று ஓடினான். பிறகு ஒன்றுமே இல்லாத மூலைக்கு ஓடிக் கூடையை நீட்டினான். பிடித்ததற்கான சத்தம் வந்தது. மறுபடி ஓடினான், மறுபடி அந்தச் சத்தம். கிரேஸி பையில் கொண்டுவந்த அப்பத்தைப் பிய்த்து அவர் வாயருகே நீட்டினாள். திரையிலிருந்து கண்ணெடுக்காமல் வாயைத் திறந்தார்.

ஸ்டான்லி ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மழைச் சத்தத்தை மீறி அவர் குரல் கேட்டது. "இல்ல, நாளைக்கு வரண்டாம். ஒருநாளும் வரண்டாம். அவன் எங்கக்கூட தான் நிப்பான்."

உள்ளே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, சட்டைப்பைக்குப் பொத்தான் வைத்த மூடி தைக்க நெய்யாற்றின்கரையில் நல்ல தையல்காரர் உண்டா என்பது.

மக்களே, கேடு எது, வழக்கம் எது என்று பொருளைப் பார்த்தால் தெரியாது. கொண்டுவந்தவரைக் கேட்டால்தான் தெரியும். நான் சிரித்துத் தள்ளிய அந்தக் கேள்வியைத்தான் இப்போது என் மேஜைக்கு வருகிற எல்லோரிடமும் முதலில் கேட்கிறேன். என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

புறப்படும் முன் ஒன்று நடந்தது. ஆட்டோ வந்து நின்றது. பிரின்ஸ் வாசல் வரை போய், திரும்பி வந்து, கேமை என் கையில் வைத்தார். "சார் ஆடுங்க," என்றார்.

ஆடினேன். முதல் மூன்று வரிசைகளைச் சமாளித்தேன். நாலாவதில் ஒன்றும் தெரியவில்லை, டிக் சத்தம் மட்டும் எனக்கு மேலே எங்கோ நெருங்கிக்கொண்டே வந்தது. எந்த நேரம் ஓடுவது என்று தெரியாமல் இடது பொத்தானை அழுத்திவிட்டேன். தோற்றேன். பிரின்ஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு என் பக்கத்தில் குனிந்து, நான் டேப் ஒட்டி மறைத்த அந்த வெறும் கண்ணாடியில் விரலை வைத்தார்.

"இங்க உண்டு சார்," என்றார். "உண்டு."

ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த மெலிந்த டிக் நெருங்கியதும் வலது பொத்தானை அழுத்தினேன். பிடித்ததற்கான சத்தம் வந்தது.